நாற்பது ஆண்டு கடந்த அணுவுலை: வயதை எதைக் கொண்டு அளக்கிறார்கள்?

சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களைத் திருகோணமலையில் அறியாதவர் இல்லை. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் எழுப்பிய அந்த உருக்குக் குதங்களில் ஒன்று, 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய வான்தாக்குதலில் எரிந்துபோனது. இன்று 99 குதங்கள் கணக்கில் உள்ளன. கீழ்த் தொகுதியில் நிற்பவை பராமரிக்கப்பட்டு இன்றும் எரிபொருளைத் தாங்குகின்றன. மேல் தொகுதியில் நிற்பவற்றிற் பெரும்பாலானவை பல தசாப்தங்களாகக் காட்டுக்குள் கிடந்து துருவேறியவை. ஏறத்தாழ ஒரே காலத்து உருக்கு, ஒரே உப்புக்காற்று, ஒரே மழை. இவற்றின் வயது என்ன என்று கேட்டால் இரண்டு தொகுதிக்கும் ஒரே விடைதான். இவற்றில் எண்ணெய் நிரப்பலாமா என்று கேட்டால் ஒவ்வொரு குதத்தையும் தட்டிப் பார்த்து, தகட்டின் தடிப்பை அளந்த பிறகே விடை சொல்ல முடியும்.

உலகில் இன்று இயங்கும் 400க்கும் மேற்பட்ட அணுவுலைகளைப் பற்றி எழும் பெரிய கேள்வியும் இதே வகையானது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 30 ஆண்டுகளைக் கடந்துவிட்டன. பெரும்பாலானவை 40 ஆண்டுக் கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. அந்த 40 முடிந்ததும் உலையை மூடிவிட வேண்டுமா, 60 வரை ஓட்டலாமா, 80 வரை ஓட்டலாமா என்பதைத் தீர்மானிப்பதற்காகவே உலோகவியலாளர்களும் பொறியியலாளர்களும் ஒரு தனி ஆய்வுத்துறையை வளர்த்து வைத்திருக்கிறார்கள். இலங்கையில் அணுவுலை எதுவும் இல்லை. ஆனால் திருகோணமலையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் கூடங்குளம் சுமார் 390 கிலோமீற்றர் தூரத்திலும், கல்பாக்கம் சுமார் 460 கிலோமீற்றர் தூரத்திலும் இருக்கின்றன. அங்குள்ள உலைகளுக்கு வயதாகும்போது அந்தச் செய்தி நம் பத்திரிகைகளிலும் வரும். அதைப் பதற்றமின்றி வாசிக்க வேண்டிய அடிப்படைகளைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாற்பது என்ற எண்

உலைக்கு 40 ஆண்டு என்ற எல்லை அமெரிக்காவின் 1954 ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தில் எழுதப்பட்டது. எந்த உருக்கையும் சோதித்துப் பெற்ற எண்ணாக அது இருக்கவில்லை. இருந்திருக்கவும் முடியாது, ஏனெனில் அப்போது அங்கே வணிக அணுமின் நிலையம் ஒன்றுகூட இயங்கவில்லை. போட்ட முதலை மீட்பதற்கு எவ்வளவு காலம் வேண்டும், ஒரு நிறுவனம் சந்தையை எவ்வளவு காலம் பிடித்து வைத்திருக்கலாம் என்ற பொருளாதாரக் கணக்குகளிலிருந்தே அந்த எண் வந்தது. நம் வாகனங்களின் வருமான அனுமதிப்பத்திரம் 12 மாதத்தில் முடிகிறது என்பதற்காக அன்று இரவே இயந்திரம் பழுதாகிவிடுவதில்லை அல்லவா? புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் காப்புறுதியையும் காட்டிப் புதுப்பிக்கிறோம். அணுவுலையின் அனுமதிப்பத்திரமும் அடிப்படையில் அதுபோன்றதே.

இதை இங்கேயே நிறுத்தினால் பாதி உண்மையைச் சொன்னதாகிவிடும். சட்டத்தில் 40 என்ற எண் வந்த பிறகு, பொறியியலாளர்கள் அதையே தம் கணக்குகளுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். 40 ஆண்டில் உலை எத்தனை முறை சூடாகிக் குளிரும், ஒவ்வொரு முறையும் குழாய்கள் விரிந்து சுருங்குவதால் உலோகம் எவ்வளவு களைக்கும், எரிபொருளைத் தாங்கும் உருக்குக் கலனின் சுவரில், அணுப்பிளவில் வெளிவரும் நியூத்திரன் துகள்கள் எத்தனை வந்து மோதும் என்றெல்லாம் கணித்து, அந்தக் கணக்குத் தாங்கும்படி தடிப்புகளைத் தீர்மானித்தார்கள். ஆகவே வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் போட்ட எண், காலப்போக்கில் உருக்குக்குள்ளும் ஓரளவு புகுந்துவிட்டது. அனுமதியை நீடிக்கக் கேட்கும் நிறுவனம் இந்தக் கணக்குகள் ஒவ்வொன்றையும் எடுத்து, 60 ஆண்டுக்கும் அவை தாங்குகின்றனவா என்று மீண்டும் காட்ட வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கான விதி 1991 இல் வந்து, 1995 இல் திருத்தப்பட்டது. ஒரு முறை புதுப்பித்தால் 20 ஆண்டு கூடும். 2000 ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்தின் கல்வேர்ட் கிளிவ்ஸ் நிலையம் முதலாவதாக அந்த நீடிப்பைப் பெற்றது. 2019 டிசெம்பரில் புளோரிடாவின் டர்க்கி பொயின்ற் நிலையத்தின் இரண்டு உலைகள், உலகிலேயே முதன்முறையாக 80 ஆண்டு வரை ஓடுவதற்கான அனுமதியைப் பெற்றன. ஆனால் 2022 இல், சுற்றாடல் மதிப்பீடு போதாது என்று கூறி அனுமதி வழங்கிய அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணைக்குழுவே தான் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மதிப்பீட்டை மறுபடி செய்வித்து 2024 இல் மீண்டும் வழங்கியது. பிரான்சில் இப்படியான எல்லை ஆண்டே கிடையாது. பத்து ஆண்டுக்கு ஒரு முறை உலையை முழுமையாகப் பரிசோதித்து அடுத்த பத்து ஆண்டைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். 900 மெகாவாட் வகையைச் சேர்ந்த 32 உலைகள் 40 ஆண்டுக்கு அப்பாலும் தொடரலாம், அதற்கு இன்னின்ன மேம்பாடுகள் செய்யப்பட வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு 2021 பெப்ரவரியில் தீர்மானித்தது.

அசையும் பாகமும் அசையாத பாகமும்

அமெரிக்க விதியில் ஒரு நுட்பமான பிரிவு இருக்கிறது. இத்துறையைப் புரிந்துகொள்ள விரும்புபவர் முதலில் பற்றிக்கொள்ள வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம். பம்பி, வால்வு, மோட்டார் போன்ற அசையும் பாகங்கள் நீடிப்புப் பரிசீலனைக்குள் பெரிதாக வருவதில்லை. அவை பழுதானால் சத்தம் போடும், நடுங்கும், நின்றுவிடும். அன்றாடப் பராமரிப்பிலேயே அகப்பட்டுக்கொள்ளும். பரிசீலனையின் முழுக் கவனமும் அசையாமல் நீண்ட காலம் இருக்கும் பாகங்களின் மீதே விழுகிறது: கலன், குழாய், கொங்கிரீட், மின்வடம்.

கடற்கரை வீதியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரிவை விளக்கத் தேவையில்லை. மின்விசிறி கெட்டுப்போகப் போகிறது என்றால் அது கிறீச்சிட்டு முன்னறிவிக்கும். மேலே உள்ள கொங்கிரீட் தட்டு அப்படி எதுவும் சொல்வதில்லை. உப்பு உள்ளே ஊறி, கம்பி துருவேறி, துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் தேவைப்படுவதால் உள்ளிருந்தே சீமெந்தைத் தள்ளி, ஒருநாள் துண்டாக உதிரும்போதுதான் பல ஆண்டுகளாக நடந்தது நமக்குத் தெரியவருகிறது.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 40 ஆண்டு ஓடிய உலை என்று சொல்லும்போது அதன் ஒவ்வொரு பாகமும் 40 ஆண்டு பழையது என்று பொருளாகாது. நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள நீராவிப் பிறப்பாக்கிகளை முழுதாக வெளியே எடுத்துப் புதியவற்றை வைத்த நிலையங்கள் பல உண்டு. விசைச்சுழலி, கட்டுப்பாட்டுக் கருவிகள், கலனின் மேல்மூடி எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார்கள். மாற்றவே முடியாதவை, அல்லது மாற்றுவதைவிடப் புதிய உலை கட்டுவது இலகு என்று சொல்லத்தக்கவை, இரண்டே இரண்டு: உலையின் அமுக்கக் கலனும், அதைச் சுற்றியிருக்கும் கொங்கிரீட் கவசக் கட்டடமும்.

அமுக்கக் கலனுக்குள் நடப்பது

உலகில் அதிகமாகப் பயன்படும் உலைவகையில், யுரேனிய எரிபொருள் ஒரு பெரிய உருக்குக் கலனுக்குள் நீரில் மூழ்கியிருக்கிறது. கலனின் விட்டம் நான்கு மீற்றருக்கு மேல். சுவரின் தடிப்பு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். உள்ளே நீர் 300 பாகை செல்சியசை அண்டிய வெப்பநிலையில் இருந்தும் கொதிப்பதில்லை. வளிமண்டல அமுக்கத்தின் 150 மடங்கு அமுக்கம் அதைக் கொதிக்க விடாமல் அடக்கி வைத்திருக்கிறது. இந்தக் கலன் பிளந்தால் அதை ஈடுசெய்யும் வேறொரு பாதுகாப்பு ஏற்பாடு இல்லை என்பதால், அது பிளக்காது என்பதைத் தொடர்ந்து நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

யுரேனிய அணு பிளக்கும்போது வெளிவரும் நியூத்திரன்களில் ஒரு பகுதி எரிபொருளைவிட்டுத் தப்பிக் கலனின் சுவரை அடைகிறது. ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் இரும்பு அணுக்களில் ஒன்றை அது மோதி இடம்பெயர்க்கிறது. பெயர்ந்த அணு இன்னும் பலவற்றைத் தள்ளுகிறது. பெரும்பாலானவை உடனேயே தம் இடங்களுக்குத் திரும்பிவிட்டாலும் சில வெற்றிடங்களும் சில நெரிசல்களும் எஞ்சிவிடுகின்றன. இவற்றோடு, உருக்கில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் செப்பு அணுக்கள் மெல்ல மெல்ல ஒன்றுகூடி, மீநுண் கட்டிகளாகத் திரள்கின்றன. உருக்கு வளைந்து கொடுக்க வேண்டுமானால் அதன் அணுப்படைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக வேண்டும். இந்தக் கட்டிகள் அந்த வழுகலைத் தடுக்கின்றன. வளைய முடியாத உருக்கு கடினமாகிறது; அதோடு, தகைப்பு அதிகரித்தால் நெளியாமல் வெடிக்கும் இயல்பையும் பெறுகிறது.

அந்தச் செப்பு எப்படி உள்ளே வந்தது என்ற கதை படிப்பினை மிக்கது. பழைய கலன்கள் பல, வளையங்களை வெல்டிங் செய்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி உருவாக்கப்பட்டவை. அதற்குப் பயன்பட்ட வெல்டிங் கம்பிகள் களஞ்சியத்தில் துருப்பிடிக்காமல் இருப்பதற்காகச் செப்பு முலாம் பூசப்பட்டிருந்தன. பூசியவர்கள் தம் அறிவுக்கெட்டிய வரையில் சரியானதையே செய்தார்கள். நியூத்திரன் மழையில் செப்பு இப்படி நடந்துகொள்ளும் என்பது பின்னரே தெரியவந்தது. அப்போது அந்தக் கம்பிகள் பல கலன்களின் மூட்டுகளாக உருகி உறைந்துவிட்டிருந்தன. பிற்காலக் கலன்களில் செப்பின் அளவு கட்டுப்படுத்தப்பட்டது.

உருக்கு நொறுங்கும் இயல்பை வெப்பநிலையோடு சேர்த்தே பேச வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா அவசர அவசரமாக வெல்டிங் செய்து கட்டிய சரக்குக் கப்பல்கள் சில குளிர்ந்த கடலில் பீங்கான் போல வெடித்தன. 1943 ஜனவரியில் ஒரு எண்ணெய்க் கப்பல் துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்த நிலையிலேயே இரண்டாகப் பிளந்தது. நம் துறைமுகத்தின் வெதுவெதுப்பில் நெளிந்து கொடுக்கும் உருக்கு, குளிரில் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனதும் நொறுங்கும் பொருளாகிவிடுகிறது என்பதை அந்த விபத்துகள் உலகுக்குக் கற்பித்தன. நியூத்திரன்களின் தாக்குதல் செய்வது அந்த எல்லை வெப்பநிலையை மேலே உயர்த்துவதுதான். புதிய கலனில் அது உறைநிலைக்கும் கீழே இருக்கலாம். செப்பு மிகுந்த பழைய வெல்டிங் மூட்டில் அது நூறு பாகையைத் தாண்டியும் செல்லலாம்.

உலை 300 பாகையில் ஓடிக்கொண்டிருக்கும்போது இதனால் ஆபத்தில்லை. ஒரு குழாய் உடைந்து, அவசரகாலக் குளிர்நீர் உள்ளே பாயும் நிமிடங்களே கவலைக்குரியவை. சுவரின் உட்பக்கம் சட்டென்று குளிர்ந்து சுருங்கப் பார்க்க, வெளிப்பக்கம் சூடாகவே இருக்க, உள்ளே அமுக்கமும் குறையாமல் இருந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு வெடிப்பு சுவரை ஊடறுத்து ஓடக்கூடும். அடுப்பிலிருந்து இறக்கிய மண்சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் என்ன ஆகும் என்பது சமையலறை அறிந்த எவருக்கும் தெரியும். ஆகவே கலனின் வயது என்பது, அதன் மிக மோசமான நாளில் அது எவ்வளவு வெப்பநிலை வரை குளிர்வதைத் தாங்கும் என்ற கணக்கே ஆகும்.

ஓடிக்கொண்டிருக்கும் கலனின் சுவரில் துண்டு வெட்டிச் சோதிக்க முடியாது. இதற்கு, கட்டும்போதே ஓர் ஏற்பாடு செய்து வைத்தார்கள். அதே உருக்கிலும் அதே வெல்டிங்கிலும் செய்த சிறு மாதிரித் துண்டுகளைப் பெட்டிகளில் அடைத்து, எரிபொருளுக்கும் சுவருக்கும் இடையே தொங்கவிட்டார்கள். சுவரைவிட எரிபொருளுக்கு அருகில் இருப்பதால் அவை விரைவாக நியூத்திரன்களை வாங்கிக்கொள்கின்றன. சுவர் இன்னும் பல ஆண்டுகள் கழித்து அடையப்போகும் நிலையை அவை இன்றே அடைந்துவிடுகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒரு பெட்டியை வெளியே எடுத்து, 55 மில்லிமீற்றர் நீளமும் நடுவில் ஒரு வெட்டும் கொண்ட அந்தத் துண்டுகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் ஊசல் சுத்தியலால் அடித்து உடைக்கிறார்கள். ஊசல் மறுபக்கம் எவ்வளவு உயரம் எழுகிறது என்பதிலிருந்து, உடைக்க எவ்வளவு சக்தி செலவானது என்று தெரிந்துவிடும். வருங்காலத்திலிருந்து வந்த ஒரு துண்டை உடைத்துப் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி இன்றுவரை எனக்குத் தெரியவரவில்லை.

சிக்கல் என்னவென்றால், 40 ஆண்டுக்கென்று வைத்த துண்டுகள் 80 ஆண்டுக்குப் போதா. உடைந்த துண்டின் பாதியை எடுத்து, இருபுறமும் புதிய உருக்கை ஒட்டி மீண்டும் உடைப்பதும், இன்னும் சிறிய மாதிரிகளால் அதே தகவலைப் பெறுவதும் இன்றைய ஆய்வுகளில் அடங்கும். செப்பு குறைந்த உருக்கிலும்கூட நிக்கல், மங்கனீசு, சிலிக்கன் சேர்ந்த கட்டிகள் மிகத் தாமதமாக, அதிக நியூத்திரன்களை வாங்கிய பிறகு, திடீரென வளரத் தொடங்குமா என்பது இன்னும் ஆராயப்படும் கேள்வி. இதற்காகவே, மூடப்பட்ட உலைகளை உடைப்பதற்கு முன் அவற்றின் பாகங்களை வெட்டியெடுக்கிறார்கள். 1998 இல் மூடப்பட்ட அமெரிக்காவின் சயன் நிலையத்துக் கலனின் துண்டுகளும் மின்வடங்களும் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தினரால் அப்படி எடுக்கப்பட்டன. ஓய்வு பெற்ற ஓர் உலை, ஓடிக்கொண்டிருக்கும் மற்ற உலைகளுக்காக உடற்கூற்றுப் பரிசோதனைக்கு உள்ளாகிறது எனலாம்.

மருந்து உண்டா என்றால், ஓரளவு உண்டு. பாதி எரிந்த எரிபொருளைச் சுற்றோரத்தில் அடுக்கினால் சுவரை அடையும் நியூத்திரன்கள் குறைகின்றன. ரஷ்ய வடிவமைப்பில் அமைந்த 440 மெகாவாட் உலைகள் சிலவற்றில் கலனை ஏறத்தாழ 475 பாகைக்குச் சூடாக்கிப் பல நாட்கள் வைத்திருந்து, இடம்பெயர்ந்த அணுக்களைத் தம் ஒழுங்குக்குத் திரும்பச் செய்தார்கள். பின்லாந்தின் லோவீசாவில் 1996 இலும் ஆர்மீனியாவின் மெட்சமோரில் 2021 இலும் இது நடந்தது. மருந்து கிடைக்காத கதையும் உண்டு. அமெரிக்காவின் யாங்கி ரோ நிலையம், அனுமதி நீடிப்புக்கு முன்னோடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. ஆராயத் தொடங்கியதும், அதன் கலனின் வெல்டிங் மூட்டுகளில் என்ன கலந்திருக்கிறது என்பதற்குப் போதிய தகவல் இல்லை என்பது வெளிப்பட்டது. 1991 இல் நிறுத்தப்பட்ட அந்த உலை அடுத்த ஆண்டு நிரந்தரமாக மூடப்பட்டது.

புல்மோட்டை மணலும் கல்பாக்கத்துக் குழாய்களும்

கல்பாக்கத்தின் இரண்டு பழைய உலைகளில் இப்படியான பெருங்கலன் இல்லை. கனநீரைப் பயன்படுத்தும் அந்த வகையில், எரிபொருள் 306 கிடைக்குழாய்களுக்குள் இருக்கிறது. அமுக்கத்தைத் தாங்குவதும் அக்குழாய்களே. அவை சிர்க்கோனியம் என்ற உலோகத்தால் ஆனவை. சிர்க்கோனியம் சேர்கொன் என்ற கனிமத்திலிருந்து வருகிறது. அந்தக் கனிமம் நம் மாவட்டத்தின் வட எல்லையில், புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைற்றோடும் ரூட்டைலோடும் கலந்து கிடக்கிறது. நியூத்திரன்களை மிகக் குறைவாகவே விழுங்குவதால் உலைக்குள் அதற்கு நிகரான உலோகம் அரிது. ஆனால் அதோடு இணைபிரியாமல் வரும் ஆப்னியம் நியூத்திரன்களைத் தாராளமாக விழுங்குவதால் முதலில் அதைப் பிரித்து அகற்ற வேண்டும்.

சிர்க்கோனியக் குழாயின் முதுமை உருக்கின் முதுமையிலிருந்து வேறுபட்டது. வெப்பத்திலும் நியூத்திரன் தாக்குதலிலும் குழாய் மெல்ல நீள்கிறது, நடுவில் தொய்கிறது, நீரிலிருந்து ஐதரசனை உறிஞ்சிக்கொள்கிறது. தொய்ந்த குழாய், தன்னைச் சுற்றியுள்ள குளிர்ந்த வெளிக்குழாயைத் தொட்டுவிட்டால், தொட்ட இடத்தில் ஐதரசன் திரண்டு நொறுங்கும் கொப்புளமாகிறது. 1983 ஆகஸ்டில் கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் ஒரு குழாய் இப்படித்தான் நீளவாக்கில் கிழிந்தது. அதன்பின் அங்கே பழைய கலப்புலோகக் குழாய்களுக்குப் பதிலாகச் சிறிதளவு நையோபியம் சேர்ந்த கலப்புலோகக் குழாய்கள் பொருத்தப்பட்டன. குழாய்கள் தனித்தனியாக இருப்பதால், பெருங்கலனைப் போலன்றி, இவற்றை மாற்ற முடியும். கல்பாக்கத்தின் இரண்டாம் உலையில் 2002 இலும் முதலாம் உலையில் அதற்கு அடுத்த ஆண்டிலும் உலையை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மாற்றும் வேலையைத் தொடங்கினார்கள்.

பிரித்தானியாவில் இன்னொரு வகை உலை உண்டு. அதன் மையம் காரீயக்கரி (கிராபைற்) கட்டிகளால் அடுக்கப்பட்டது. அவற்றில் காலப்போக்கில் கீறல்கள் விழுகின்றன, மாற்ற வழியில்லை. ஸ்கொட்லாந்தின் ஹன்டர்ஸ்டன் நிலையம் 2022 ஜனவரியில் மூடப்பட்டதற்கு அதுவே காரணம்.

பட்டியலில் இல்லாத குழாய்

இதுவரை சொன்னவை எல்லாம் அறிஞர்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துவரும் இடங்கள். உயிர்கள் பறிபோனது வேறோர் இடத்தில். ஜப்பானின் மிஹாமா நிலையத்தின் மூன்றாம் உலையில் 2004 ஆகஸ்ட் 9 ஆம் திகதி, கதிரியக்கமற்ற சுடுநீரைக் கொண்டுசெல்லும் சாதாரணக் குழாயொன்று வெடித்தது. பாய்ந்த நீராவியில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். தொடக்கத்தில் 10 மில்லிமீற்றர் தடிப்பாக இருந்த அந்தக் குழாய், ஓடும் நீரின் அரிப்பால் மிகவும் மெலிந்திருந்தது. நீரோட்டத்தால் குழாய் இப்படி மெலியும் என்பது அறிவியலுக்குத் தெரியாத விடயமாக இருக்கவில்லை. அளப்பதற்கான கருவியும் இருந்தது. பரிசோதிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அந்த இடம் எழுதப்படாமல் விடுபட்டிருந்தது. உலை ஓடத் தொடங்கிய 1976 முதல் 28 ஆண்டுகளாக அதை யாரும் அளக்கவில்லை.

2002 மார்ச்சில் ஒகையோ மாநிலத்தின் டேவிஸ் பெஸ் நிலையத்தில் கண்டது இதற்குத் தங்கை. கலனின் மேல்மூடியில் ஒரு சிறு வெடிப்பு வழியே கசிந்த போரிக் அமிலம், 15 சென்ரிமீற்றர் தடிப்பான உருக்கைத் தின்று குழியாக்கி, உட்புறத்தே பூசப்பட்ட ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவான துருவேறா உருக்குப் படலத்தை மட்டும் விட்டு வைத்திருந்தது. அமிலத்தின் படிவுகள் அதற்கு முன்பே கண்ணில் பட்டிருந்தன. அவற்றைச் சுத்தம் செய்து முழுமையாகப் பார்ப்பது ஒத்திவைக்கப்பட்டு வந்தது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எனக்கு, பழைய உலை ஆபத்தானதா என்ற கேள்வியே சற்றுப் பிழையாகக் கேட்கப்படுவதாகத் தோன்றுகிறது. எந்தெந்த இடங்கள் பட்டியலில் இருக்கின்றன, கடைசியாக எப்போது அளந்தார்கள், அந்த அளவை நிலையத்துக்கு வெளியே யார் பார்த்தார்கள் என்று கேட்பது பயன்தரும். அமெரிக்க ஆணைக்குழு 2001 இல் வெளியிட்ட, எந்தப் பாகம் எந்தச் சூழலில் எவ்விதம் முதுமையடைகிறது என்று வரிசைப்படுத்தும் பெருந்தொகுப்பும், சர்வதேச அணுசக்தி முகவரகம் நாடுகளிடையே தொகுத்துவரும் அதே வகைப் பட்டியலும், அடிப்படையில் இந்த மறதிக்கு எதிரானவை. மிஹாமாவின் அதே மூன்றாம் உலை 2021 ஜூனில், 40 ஆண்டு கடந்த பின் ஜப்பானில் மீண்டும் இயக்கப்பட்ட முதல் உலையாயிற்று.

கொங்கிரீட்டும் மின்வடமும்

கொங்கிரீட்டின் பெரும் எதிரி நீர். நியூ ஹாம்ப்ஷயரின் சீபுரூக் நிலையத்தில் சீமெந்தின் காரமும் சரளைக் கல்லின் சிலிக்காவும் ஈரத்தில் சேர்ந்து வீங்கும் ஒரு தாக்கம் காணப்பட்டது. தொடர்ந்து அளந்துவரும் நிபந்தனையோடு 2019 இல் அதற்கு நீடிப்பு வழங்கப்பட்டது. புளோரிடாவின் கிறிஸ்டல் ரிவர் நிலையத்தில் 2009 இல், நீராவிப் பிறப்பாக்கியை மாற்றக் கவசச் சுவரில் ஒரு வாசல் வெட்டியபோது சுவர் அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. திருத்தப் போன இடத்தில் மேலும் வெடிப்புகள் வந்தன. 2013 இல் மூடிவிட முடிவெடுத்தார்கள். பாகத்தைப் புதுப்பிக்கும் செயலே உலையைக் கொன்றது.

மின்வடங்கள் ஒரு நிலையத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளம் ஓடுகின்றன. வெப்பமும் கதிர்வீச்சும் அவற்றின் இறப்பர், பிளாஸ்டிக் உறையைக் கடினமாக்குகின்றன. ஒரு துண்டை இழுத்து, அறுவதற்கு முன் எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்பது வழக்கமான சோதனை.

அறிவுக்கும் வயதாகிறது

உலோகம் புதிதுபோலவே இருந்தாலும், அதைக் கட்டியபோது எடுத்துக்கொண்ட அனுமானம் பழையதாகிவிடலாம். புகுஷிமா டாய்ச்சியின் முதலாம் உலைக்கு 2011 பெப்ரவரியில், 40 ஆண்டுக்கு அப்பால் மேலும் பத்து ஆண்டு ஓட அனுமதி கிடைத்தது. அடுத்த மாதம் சுனாமி வந்தது. உலையை அழித்தது உருக்கின் முதுமை இல்லை. கடல் எவ்வளவு உயரம் எழும் என்று பல தசாப்தங்களுக்கு முன் போட்ட கணக்கு. இதனால்தான் இன்று நீடிப்பு அல்லது பத்தாண்டுப் பரிசீலனை செய்யும் நாடுகள் பல, வெள்ளம், நிலநடுக்கம், கடலின் வெப்பநிலை ஆகியவற்றையும் இன்றைய அறிவின்படி மீண்டும் கணிக்கக் கேட்கின்றன.

2004 டிசெம்பர் 26 காலையில் திருகோணமலைக் கரையை அடித்த அதே அலைத்தொடர் கல்பாக்கத்தையும் சென்றடைந்தது. கடல்நீர் பம்பி நிலையத்துக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. முதலாம் உலை அன்று ஓடவில்லை. குழாய் மாற்றும் வேலைக்காக முன்னரே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஒரே தடவையில் 40 ஆண்டு கொடுப்பதில்லை. ஐந்து ஆண்டுக் கணக்கில் அனுமதி வழங்கி, பத்து ஆண்டுக்கு ஒரு முறை முழுப் பரிசீலனை செய்கிறது. 1969 இல் ஓடத் தொடங்கிய தாராப்பூரின் முதல் இரண்டு உலைகள் அந்த வழியிலேயே அரை நூற்றாண்டைக் கடந்தன; 2020 இல் அவற்றை நிறுத்தி, நீரைச் சுற்றிவரச் செய்யும் பெருங்குழாய்களை மாற்றும் பணியில் இறங்கினார்கள். நமக்கு மிக அருகே உள்ள கூடங்குளத்தின் முதலாம் உலை, அமுக்கக் கலன் கொண்ட வகையைச் சேர்ந்தது. 2013 ஒக்டோபரில் மின்வலையமைப்போடு இணைக்கப்பட்டது. அதற்கு 40 வயது நிறைவது 2053 இல். இன்று திருகோணமலையில் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் ஒரு மாணவி அப்போது நாற்பதுகளின் நடுவில் இருப்பாள்.